வண்டியின் நெற்றியில் எழுதிய எண்

வாளையார் சாலையில் லாரி வரிசையைப் பார்த்தபடி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்காத தமிழர் பாலக்காட்டுச் சீமையில் அபூர்வம். ஞாயிறன்று ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை கோவையிலிருந்து திரும்புகிறவர்கள், கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சரக்கு ஏற்றப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வரிசையை மணிக்கணக்கில் பார்த்தவர்களே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடி வேலை முடிந்த பிறகு வரிசை குறைந்தது. லாரி குறையவில்லை.

பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் முதலில் படுவது லாரியின் முகத்தில் உள்ள எழுத்தும் எண்ணும். 1612, 2518, 2818, 407 என்று வரிசையாக வரும். சிலர் அதை மாடல் நம்பர் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். சிலர் அதுதான் விலையோ என்றுகூட நினைப்பதுண்டு. உதிரி பாகக் கடைக்காரர்கள் இந்தத் தகடுக்கு 'மோனோகிராம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் சில நூறு ரூபாய் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அது ஏன் கவனிக்க வேண்டிய விஷயம் என்பது பின்னால் வரும்.

முதலில் எண்ணைப் படிக்கும் முறை.

டாட்டா லாரியில் நாலு இலக்கம் இருந்தால் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முன் இரண்டும் எடை, பின் இரண்டும் பலம். 1612 என்றால் வண்டியும் சரக்கும் சேர்ந்து 16 டன், இஞ்சின் சுமார் 120 குதிரை சக்தி. 2518 என்றால் 25 டன், 180 குதிரை. ஒரு காலத்தில் தென்னாட்டு ரோடுகளை ஆண்ட 1210 என்பது 12 டன், 100 குதிரையை ஒட்டியது. எண்கள் முழுசாக்கப்பட்டவை. தராசில் வைத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இந்தக் கணக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1954-ல் டாட்டா கம்பெனி டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. அப்போது முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. 15 ஆண்டு ஒப்பந்தம் 1969-ல் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி, வட்டத்துக்குள் 'டி' ஏறியது. சின்னம் மாறிய பிறகும் பழைய டிரைவர்கள் வெகுகாலம் அதைப் 'பென்ஸ் வண்டி' என்றே சொல்லி வந்தார்கள். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளிலும் ஜெர்மன் வாசனை உண்டு. 'எல்' என்பது பாரவண்டியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. 'கே' என்று முடிந்தால் 'கிப்பர்', அதாவது கொட்டும் வண்டி. மணல், ஜல்லி அடிக்கும் டிப்பரில் அந்த எழுத்தைப் பார்க்கலாம். 'ஓ' இருந்தால் ஆம்னிபஸ்.

எடை எண் சும்மா அலங்காரம் அல்ல. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகள் ஏற்றக்கூடிய எடையை உயர்த்தியது. மூன்று அச்சு வண்டிக்கு 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆயிற்று. அதன் பிறகுதான் 25-ல் தொடங்கிய பெயர்கள் போய் 28-ல் தொடங்கும் பெயர்கள் வந்தன. சட்டம் மாறியதும் லாரியின் நெற்றி எழுத்தும் மாறிவிட்டது!

எண்ணூரின் கணக்கு வேறு

லேலண்டுக்கு வந்தால் இந்தக் கோடு போடும் வித்தை செல்லாது. எண்ணூரில் 1948-ல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காக அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, இங்கிலாந்து லேலண்டின் கூட்டு ஏற்பட்டு 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. அவர்களுக்குப் பெயர் வைப்பதில் மிருகக்காட்சிசாலை மோகம். பீவர், ஹிப்போ, டஸ்கர், சீட்டா, பாந்தர் என்று வந்துகொண்டே இருக்கும். நடுவில் காமெட் மட்டும் வானத்திலிருந்து வந்தது.

பழைய லேலண்டு இஞ்சின்களின் எண்ணில்தான் சங்கதி இருக்கிறது. 350, 370, 400, 600, 680 என்று வரும் அந்த எண்கள் எடையும் அல்ல, குதிரையும் அல்ல. கன அங்குலம். இஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு அது. ஒரு கன அங்குலம் என்பது ஏறக்குறைய 16.4 சி.சி. அப்படியானால் லேலண்டு 680 இஞ்சின் பதினோராயிரம் சி.சி.க்கு மேல். மாருதி 800 காரின் இஞ்சினைப் போல் 14 இஞ்சின்களைச் சேர்த்துக் கட்டினால் அந்தக் கொள்ளளவு வரும்.

சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் இஞ்சின்களிலும் இதே அங்குலக் கணக்குத்தான். 6.354 என்று பொறித்திருந்தால் 6 சிலிண்டர், 354 கன அங்குலம். நடுவில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல, வேலி. இந்த வேலியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இடுக்கி மலையில் அது மறுபடியும் வரும்.

புஜபலக் கார்கள்

கன அங்குலத்தை லாரிக்காரர்கள் இஞ்சினோடு வைத்துக்கொண்டார்கள். அதைக் காரின் விலாவில் வெள்ளிப் பூச்சோடு பதித்து, இளைஞர்களுக்கு ஆசை காட்டி விற்றவர்கள் அமெரிக்கர்கள். 1964 தொடங்கி சுமார் பத்து ஆண்டுகள் அங்கே ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய இஞ்சினை வைத்துத் திணிப்பதுதான் அந்தப் பைத்தியம். அந்த வகைக்குப் பின்னால் 'மசில் கார்' என்று பெயர் வந்தது. நம் வழக்கில் சொன்னால் புஜபலக் கார்.

ஷெவர்லே கம்பெனியின் ஷெவெல் காரில் 'எஸ்.எஸ். 396' என்று இருக்கும். எஸ்.எஸ். என்றால் சூப்பர் ஸ்போர்ட், 396 கன அங்குலம். போர்டு மஸ்டாங்கில் 'பாஸ் 302'. டாட்ஜில் 'ஆர்/டி', அதாவது ரோடும் ரேஸ் மைதானமும். கிரைஸ்லரின் 'ஹெமி' என்ற சொல்லுக்கு அரைக்கோளம் என்று பொருள். சிலிண்டருக்கு மேலே நெருப்பு பிடிக்கும் அறை அரைப் பந்து வடிவத்தில் குடையப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். 426 கன அங்குல ஹெமிக்குக் கம்பெனி சொன்ன பலம் 425 குதிரை. 'இசட்/28' என்ற பெயரைக் கேட்டு ஏதோ ரகசிய ஆயுதம் என்று பலர் நினைத்தார்கள். ஆர்டர் பாரத்தில் அந்தச் சாமான் தொகுதிக்குப் போட்டிருந்த குறியீடுதான் அது. கிளார்க்கு எழுதிய குறியீடு காரின் பட்டப்பெயர் ஆகிவிட்டது!

ஓல்ட்ஸ்மொபைல் '4-4-2' கதை இன்னும் வேடிக்கை. 1964-ல் அது வந்தபோது நாலு வாய் கார்புரேட்டர், நாலு கியர், இரண்டு புகைக்குழாய் என்று பொருள் சொன்னார்கள். மறு ஆண்டே தானியங்கி கியரும் கிடைக்கத் தொடங்கியது. நாலு கியர் என்ற பொருள் நிற்கவில்லை. உடனே நடுவில் உள்ள நாலுக்கு வேறு விளக்கம் கொடுத்தார்கள். முதல் நாலு இஞ்சினின் 400 கன அங்குலம், இரண்டாவது நாலு கார்புரேட்டர், இரண்டு புகைக்குழாய் என்று! தகடு மாறவில்லை. அர்த்தம்தான் இடம் மாறி உட்கார்ந்தது.

போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற பெயர் இத்தாலியிலிருந்து எடுத்தது. பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற நெடுந்தூரக் கார் என்று பொருள். பெராரி அந்தப் பெயரில் ஒரு காரைச் செய்து உண்மையாகவே பந்தயம் ஓடியது. போன்டியாக் அப்படிப்பட்ட அங்கீகாரம் எதையும் பெறவில்லை. பெயரை மட்டும் எடுத்து ஒட்டிக்கொண்டது. அதன் விலாவில் '6.5 லிட்டர்' என்றும் எழுதியிருந்தது. உள்ளே இருந்த 389 கன அங்குலத்தைக் கணக்குப் போட்டால் 6.4-கூட முழுசாக வராது. எஸ்.எஸ். 396-ம் யோக்கியம் அல்ல. 1970-ல் உள்ளே இருந்தது 402 கன அங்குலம். 396 என்ற பெயருக்கு மவுசு இருந்ததால் தகட்டை மாற்றவில்லை. ஒருவர் கூட்டிச் சொன்னார், மற்றவர் குறைத்துச் சொன்னார்.

குறைத்துச் சொல்வதற்கு வேறு காரணமும் வந்தது. 1960-களின் கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. பலம் அதிகமுள்ள காரை வாலிபர் வாங்கினால் பிரீமியத்தை ஏற்றின. கம்பெனிகள் சளைக்கவில்லை. போர்டு 428 கோப்ரா ஜெட் இஞ்சினுக்கு 335 குதிரை என்று காகிதத்தில் எழுதினார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் எவரும் அந்த எண்ணை நம்பவில்லை. வாங்குகிறவருக்குக் காட்ட விலாவில் ஒரு எண், இன்சூரன்ஸ்காரருக்குக் காட்டக் காகிதத்தில் ஒரு எண்.

1972-ல் அமெரிக்காவில் குதிரை சக்தியை அளக்கும் முறையே மாறியது. அதுவரை விசிறி, சைலன்சர், டைனமோ எதுவும் இல்லாத வெறும் இஞ்சினை மேஜையில் வைத்து அளந்தார்கள். இனிமேல் காரில் பூட்டிய நிலையில் உள்ள பலத்தைச் சொல்ல வேண்டும் என்றானதும் ஒரே இரவில் எண்கள் சரிந்தன. 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. இஞ்சின் சுருங்கியது. ஆனால் ஸ்டிக்கர் பெரிதாயிற்று. 1978-ல் வந்த 'கிங் கோப்ரா' மஸ்டாங்கின் பானெட் முழுக்க நாகப்பாம்பு படம். பாம்புக்கு அடியில் இருந்த இஞ்சினுக்கு 140 குதிரைகூட இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. 1964 ஜி.டி.ஓ.வின் 325 குதிரை இழுத்தது சுமார் 1.6 டன். டன்னுக்கு 200 குதிரை. வாளையாரில் நிற்கும் 1612 லாரிக்கு டன்னுக்கு ஏழரைக் குதிரை. கொள்ளளவில் எந்தப் புஜபலக் காரும் எண்ணூர் 680-ஐ எட்டவில்லை. அவற்றில் பெரியவையே 455 கன அங்குலத்தோடு நின்றன. ஆனாலும் லாரி இஞ்சின் நிதானமாகச் சுழன்று பாரம் இழுக்கப் பிறந்தது. நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றி ரப்பரை எரிக்க அல்ல. அங்குலம் ஒன்றுதான், வேலை வேறு.

மலையேறிய அமெரிக்கன்

புஜபலக் கார்கள் கம்பம்மெட்டு ஏறியதில்லை. அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரன் ஏறினான். அவன்தான் ஜீப்.

ஜீப் பிறந்தது அமெரிக்காவில், யுத்தத்துக்காக. வில்லிஸ் கம்பெனி யுத்தம் முடிந்ததும் அதைக் குடியானவர்களுக்கு விற்க 'சி.ஜே.' என்று பெயர் போட்டது. சிவிலியன் ஜீப் என்பதன் சுருக்கம் அது. 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி ஜீப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் ஜீப் கைமாறிக் கைமாறி 1970-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வசம் போனது. 'ஏ.எம்.எக்ஸ். 390' என்ற புஜபலக் காரைச் செய்த அதே கம்பெனி. 1987-ல் ஹெமிக்காரரான கிரைஸ்லர் அதையும் வாங்கினார். ஆக, சகோதர உறவு சும்மா பேச்சுக்குச் சொன்னதல்ல.

இடுக்கியில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறை எங்கும் ஏலத்தோட்டத்துக்குள் போகும் வழி என்பது பாறையும் சேறும்தான். அங்கே ஜீப்தான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிறவர்களைக் கேட்டால் தெரியும். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதிக் காட்டுப் பாதைகளிலும் அதே கதை.

மலையில் ஓடிய பழைய ஜீப்களில் 'சி.ஜே. 3பி' உண்டு. அதன் பானெட் மற்ற ஜீப்பைவிட உயரமாக இருக்கும். உள்ளே இருந்த 'ஹரிக்கேன்' பெட்ரோல் இஞ்சின் உயரமானது என்பதால் பானெட்டைத் தூக்க வேண்டி வந்தது. அது 134 கன அங்குலம், சுமார் 2,200 சி.சி. அமெரிக்கா 1968-லேயே அந்த மாடலை நிறுத்திவிட்டது. மகிந்திரா அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்தது.

பெட்ரோல் விலை மலைக்காரர்களை டீசலுக்குத் துரத்தியது. அப்போது வந்த எழுத்துகள்தாம் இன்றும் பழைய வண்டிச் சந்தையில் பேசப்படுகின்றன. 'டி.பி.' என்றால் டீசல் பிஜோ. பிரான்சு நாட்டுப் பிஜோ கம்பெனியின் இஞ்சின் என்று அர்த்தம். 'எம்.எம். 540 டி.பி.', 'கமாண்டர் 750 டி.பி.' என்று பார்த்திருக்கலாம். அந்த இஞ்சினின் பெயர் 'எக்ஸ்.டி.பி. 4.90'. கியர் விகிதமோ என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் பழைய வேலி. 4 சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவு 90 மில்லிமீட்டர். பிஸ்டன் நடை 83 மில்லிமீட்டர். காகிதமும் பென்சிலும் இருந்தால் பெருக்கிப் பார்க்கலாம், 2,112 சி.சி. வரும். ஆர்.சி. புத்தகத்திலும் அதுவே இருக்க வேண்டும்.

'டி.ஐ.' என்றால் டீசலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் முறை. பிஜோவில் பக்கத்து அறை ஒன்றில் பீச்சி, அங்கே பற்றவைத்து உள்ளே அனுப்புவார்கள். பிஜோ சத்தம் குறைவு, வேகமாகச் சுழலும். டி.ஐ. கடகடவென்று அடிக்கும், ஆனால் மெதுவான சுற்றிலேயே இழுக்கும். எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். பாரத்தோடு மேடு ஏறுகிறவன் டி.ஐ.யைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவன் தேடும் எழுத்து எதுவோ, அந்த எழுத்துத்தான் கடையில் நன்றாக விற்கும்.

தகடு புதுசு, வண்டி பழசு

தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்தவர் ஓய்வு பெறுகிறார். கிராஜுவிட்டி, சீட்டுப் பணம், மனைவியின் நகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பழைய ஜீப் வாங்கினால் மகனாவது டிரிப் அடித்துப் பிழைப்பான் என்று நினைக்கிறார். இது மலையில் சாதாரணமாக நடப்பது. வண்டி பளபளவென்று நிற்கிறது. விலாவில் 'டி.ஐ.', பின்னால் '4×4'. புரோக்கர் தகட்டைத் தட்டிக் காட்டுகிறார். தகட்டை நம்பிப் பணம் கைமாறுகிறது. முதல் மழையில் சேற்றில் மாட்டும்போதுதான் முன்சக்கரம் சுற்றவே இல்லை என்று தெரிகிறது.

எல்லா ஜீப்பும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அல்ல. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்களும் ஏராளமாக விற்றிருக்கின்றன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். தகட்டைப் பார்க்காமல் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். முன் அச்சில் பூசணிக்காய்போல் உருண்ட டிஃபரன்ஷியல் இருந்தால், உள்ளே கியர் கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பு இருந்தால், அதுவும் போட்டால் விழுந்தால், அது நாலு சக்கர வண்டி. பூசணிக்காய் இருந்தும் உள்ளே பல்சக்கரத்தைக் கழற்றிவிட்ட வண்டிகளும் உண்டு. ஆகவே ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாகாது.

அமெரிக்காவிலும் இந்த வியாபாரம் ஜாம்ஜாமென்று நடக்கிறது. பழைய எஸ்.எஸ். காருக்கு ஏலத்தில் பெரிய விலை. அதனால் சாதாரண ஷெவெல் காரில் எஸ்.எஸ். தகட்டை ஒட்டி விற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் தகட்டைப் பார்ப்பதே இல்லை. இஞ்சினில் குத்திய எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் பாதி விலை. லட்சாதிபதிகள் விளையாட்டுக்குச் செய்யும் இந்தச் சோதனையை மலையில் பிழைப்புக்கு வண்டி வாங்குகிறவர் செய்யாமல் விடுவது வேதனை. சேஸிஸ் இரும்பில் குத்திய எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். இஞ்சின் பிளாக்கில் உள்ள எண்ணையும் அப்படியே. பட்டறையில் இஞ்சின் மாற்றிய வண்டியானால், அந்த மாற்றத்துக்கு ஆர்.டி. ஆபீஸ் அனுமதி ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அந்த வண்டியோடு வம்பையும் சேர்த்து வாங்குவதாகும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரித்த கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

தகட்டில் இல்லாத எண்

இதுவரை சொன்னது வண்டியை வாங்குகிறவருக்கு. ஆனால் மலையில் ஜீப்பை வாங்குகிறவர் ஒருவர் என்றால், அதன் பின்னால் ஏறி உட்காருகிறவர்கள் நூறு பேர். தேனி, போடி, கம்பம், கூடலூரிலிருந்து நாள்தோறும் விடியுமுன் கிளம்பி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் அவர்கள். மாலையில் அதே வழியில் இறங்குவார்கள். நாள் கூலியில் போக்குவரத்தும் அடக்கம். ஆகவே ஒரு டிரிப்பில் எத்தனை பேரை ஏற்ற முடியுமோ அத்தனை பேரும் ஏறுவார்கள்.

மோனோகிராம் இஞ்சினைப் பற்றிப் பேசும், சக்கரத்தைப் பற்றிப் பேசும். எத்தனை பேர் ஏறலாம் என்று எந்த மோனோகிராமும் சொல்வதில்லை. பிரேக்கைப் பற்றியும் பேசாது. புஜபலக் கார்களிலும் இதே கதைதான். 400 குதிரையை விலாவில் எழுதிய பல கார்களில் பழைய காலத்து டிரம் பிரேக்தான் இருந்தது. ஓடுவதற்குத் தகடு இருந்தது, நிற்பதற்கு இல்லை.

2023 ஆகஸ்டு 25-ந் தேதி வயநாட்டில் தலப்புழா அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பெண்கள் இறந்தார்கள். வயநாடு தூரம் என்றாலும் வண்டி அதே வண்டி, கூலி வேலை அதே வேலை, மலையும் அதே மேற்கு மலை.

அந்த எண் இருக்கும் இடம் ஆர்.சி. புத்தகம். இருக்கை எண்ணிக்கை என்று ஒரு கட்டம் உண்டு. டிரைவரையும் சேர்த்து எத்தனை பேர் என்று அதில் எழுதியிருக்கும். இன்சூரன்ஸ் பாலிசியும் அந்த எண்ணை ஒட்டியே எழுதப்படும். அதற்கு மேல் ஏறினால் என்ன என்று கேட்கலாம். நாள்தோறும் ஏறுகிறோமே என்றும் கேட்கலாம். விபத்து நடக்காதவரை ஒன்றும் இல்லை.

நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி பெற்ற பஸ்ஸில் ஏறக்குறைய 90 பேரை ஏற்றிப் போய் அது கவிழ்ந்தது. நஷ்டஈடு முழுவதையும் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டுமா என்பது வழக்கு. கம்பெனியின் பொறுப்பு 42 பேருக்குத்தான் என்று நீதிமன்றம் கூறியது. யார் அந்த 42 பேர் என்று பிரிக்க முடியாது. ஆகவே தீர்ப்பான தொகைகளில் மிகப் பெரிய 42 தொகைகளைக் கூட்டி கம்பெனி கட்ட வேண்டும். அதைப் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். மீதியை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும்.

கடைசி வரிதான் கவனிக்க வேண்டியது. கிராஜுவிட்டிப் பணத்தில் பழைய ஜீப் வாங்கியவரிடம் வசூல் செய்ய என்ன இருக்கும்? அவரும் கூலிக்காரராக இருந்தவர். கணக்கில் உட்காராத பயணியின் குடும்பமும், கணக்குக்கு மேல் ஏற்றிய ஏழைச் சொந்தக்காரரும் ஒரே நீதிமன்ற வராந்தாவில் எதிரெதிரே நிற்க நேரும். அநேகமாக இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள்.

குறைவாக ஏற்றினால் கட்டுப்படியாகாது என்று ஜீப்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டீசல் விலை, டயர் விலை, மலைப்பாதையில் மாதம் ஒரு முறை தேயும் பிரேக் லைனிங் எல்லாம் அவர் தலையில். டிரிப் வாடகையை நிர்ணயிப்பது தோட்டம். இருக்கைக்கு ஏற்ற வண்டிகளை அமர்த்த வேண்டியதும் தோட்டம்தான். எல்லைச் சாவடியில் சில நாள் சோதனை கடுமையாகும். அப்போது கொஞ்சம் முன்னால் இறக்கி நடக்கவிட்டு, சாவடி தாண்டியதும் மீண்டும் ஏற்றிக்கொள்வார்கள். அபராதம் மிச்சம். பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.

கம்பம்மெட்டில் காலை ஆறரை மணி. பனி விலகவில்லை. ஜீப்பின் விலாவில் சிவப்பு எழுத்தில் புதுத் தகடு மின்னுகிறது. தூக்குவாளியோடு ஒரு பெண் பின்படியில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

"அண்ணே, உள்ள பதினாலு பேரு இருக்கோம்."

"இருக்கட்டும்க்கா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இது டி.ஐ. வண்டி, எத்தனை பேரானாலும் இழுக்கும்."

"இழுக்கும்ணே. புக்குல எத்தனை பேருன்னு போட்டிருக்கு?"

டிரைவர் பதில் சொல்லாமல் ஹாரன் அடித்தார். அந்தப் பெண் காலை எடுத்துக் கீழே வைத்தாள். பின்னால் இன்னொரு ஜீப் வந்துகொண்டிருந்தது.